கேசட்டுகளுக்கு எப்படித் தலைப்பு வைப்பது? ஃபோல்டரா, நீளப் பெயரா, டேகா, எண்ணா?

பெரியப்பா விட்டுச் சென்ற கேசட்டுகள் 214. 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் தொடக்கம்வரை, கும்பகோணம், தஞ்சாவூர், மார்கழி வந்தால் சென்னை என்று அவரே நேரில் போய்ப் பதிவு செய்த கர்நாடக இசைக் கச்சேரிகள். கோயில் உற்சவங்களில் எடுத்ததும் உண்டு, வானொலியிலிருந்து பிடித்ததும் உண்டு. எல்லாவற்றையும் இரண்டு தகரப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். டேப் ஒட்டிக்கொள்ளாமல், பூஞ்சை ஏறாமல் இத்தனை வருடம் தாங்கியதே பெரிய விஷயம்.

அவற்றை டிஜிட்டலாக மாற்றுவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. நல்ல டெக் ஒன்று, ஹெட்டைத் துடைக்க ஸ்பிரிட், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். ஒலிக் காப்பகங்களுக்கான சர்வதேச அமைப்பான ஐஏஎஸ்ஏ, குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற தரத்தில் எடுக்கச் சொல்கிறது. அப்படி எடுத்தால் ஒரு 90 நிமிடக் கேசட் சுமார் 1.5 ஜிபி வரும். 214ம் 90 நிமிட டேப் என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 330 ஜிபிதான். சின்ன ஹார்ட் டிஸ்கில் அடங்கிவிடும்.

மாட்டிக்கொண்டது பெயர் வைக்கும் இடத்தில். நான், பெரியப்பா மகன் அண்ணா, அண்ணாவின் பெண் என்று மூன்று பேர் வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஆளுக்குச் சிலவாக 20 கேசட் முடிந்ததும் சேர்த்துப் பார்த்தால், ஒரே பாடகர் மூன்று ஃபோல்டரில் இருந்தார். நான் இனிஷியலை முன்னால் போட்டிருந்தேன், அண்ணா இனிஷியலைத் தூக்கிப் பின்னால் வைத்திருந்தார், அவர் பெண் ஊர்ப் பெயரோடு எழுதியிருந்தாள். தேதியும் அப்படித்தான். 4-1-78 என்று ஒன்று, 78 ஜனவரி என்று ஒன்று. அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு முடிவுக்கு வராமல் அடுத்த கேசட்டைப் போடுவதில்லை என்று உட்கார்ந்தோம்.

எங்கள் முன் இருந்தவை நான்கு வழிகள். அவற்றைப் பார்ப்பதற்கு முன் ஒரு விஷயம்: பாடகர்கள் பெயரை இந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டுகளில் எழுதப் போவதில்லை. வீட்டில் கேட்பதற்காக எடுத்த பதிவுகள் அவை. பாடியவர்களின் குடும்பங்களைக் கேட்காமல் எது எங்களிடம் இருக்கிறது என்று பொதுவில் சொல்வது முறையல்ல.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர்

கை பழகிய வழி இதுதான். பாடகர், அதற்குள் வருடம், அதற்குள் கச்சேரி, அதற்குள் உருப்படி. கச்சேரியில் பாடும் ஒவ்வொன்றையும் உருப்படி என்றுதான் சொல்வார்கள், பட்டியல் போடுகிறவனுக்கு வாகான சொல். எந்த மென்பொருளும் வேண்டாம், பென் டிரைவில் போட்டு யாரிடம் கொடுத்தாலும் திறந்து பார்த்ததும் புரியும். இந்த நல்ல குணத்தைக் குறைத்து மதிப்பிடவே கூடாது. 20 வருடம் கழித்துத் திறப்பவருக்கும் ஃபோல்டர் என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது.

சிக்கல் எங்கே என்றால், ஒரு பொருளுக்கு ஒரு இடம்தான். இரண்டு பேர் சேர்ந்து பாடிய கச்சேரியை யார் பெயரில் வைப்பது? எங்கள் விஷயத்தில் இது இன்னும் ஆழமாகப் போனது. பெரியப்பா மிருதங்க ரசிகர். பல கேசட் அட்டைகளில் மிருதங்க வித்வான் பெயரை முதலில் எழுதி, அதற்குக் கீழே சின்ன எழுத்தில்தான் பாடகர் பெயரை எழுதியிருக்கிறார். யார் பாடுகிறார் என்பதைவிட யார் வாசிக்கிறார் என்று பார்த்துத்தான் சைக்கிளை எடுத்திருக்கிறார். பாடகர் பெயரில் ஃபோல்டர் போட்டால் அவர் சேகரித்த காரணமே காணாமல் போய்விடும். மிருதங்கம் என்று ஃபோல்டர் போட்டால் மற்றவர்களுக்குப் பாட்டைத் தேடுவது திண்டாட்டம். ராகத்தின் பேரில் அடுக்கினால் கச்சேரியே சிதறிப்போகும்.

இந்தச் சிக்கலுக்கு விடை சொன்னவர் நம் பக்கத்துக்காரர். 1892இல் சீர்காழியில் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அவருக்கு முந்தைய வகைப்பாடுகள் உலகத்து அறிவு மொத்தத்தையும் ஒரே மரமாக வரைந்துவிட்டு, புத்தகம் எந்தக் கிளையில் உட்காரும் என்று கேட்டன. லண்டன் கடையொன்றில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோது அவருக்கு வேறு யோசனை வந்தது. துண்டுகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, தேவைக்கு ஏற்பச் சேர்த்துக் கட்டலாமே என்று. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் வகைப்பாடு, ஒரு பொருளை ஆள், பொருண்மை, செயல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. கச்சேரிக்கு இது அப்படியே பொருந்துகிறது. யார், எந்த வாத்தியம், என்ன பாடினார், எங்கே, எப்போது. இந்த ஐந்தில் எதை மேலே வைத்தாலும் மற்ற நான்கும் அடியில் புதைந்துவிடும். ஃபோல்டர் மரம் செய்வது அதைத்தான்.

விண்டோஸில் ஒரு கோப்பின் முழுப் பாதை 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய வரம்பு வேறு இருக்கிறது. விண்டோஸ் 10இல் அதை நீக்க வழி உண்டு, ஆனால் நாம் யாருக்குக் கொடுக்கிறோமோ அவர் கணினியில் நீக்கியிருக்க வேண்டுமே. நாலு அடுக்கு, ஒவ்வொன்றிலும் முழு வாக்கியம் என்று எழுதினால் அந்த வரம்பைச் சுலபமாகத் தொட்டுவிடலாம்.

எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதுவது

இரண்டாவது வழி அண்ணாவுக்குப் பிடித்தது. ஃபோல்டரே வேண்டாம், ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் தேதி, பாடகர், இடம், உருப்படி, ராகம், தாளம் எல்லாம் இருக்கட்டும் என்றார். கோப்பு எங்கே போனாலும் தன் முகவரியைத் தானே சுமந்துகொண்டு போகும். ஃபோல்டரை யாராவது கலைத்துவிட்டாலும் கவலையில்லை. நானும் கொஞ்ச நாள் இந்தப் பக்கம்தான் சாய்ந்திருந்தேன்.

தமிழில் எழுத ஆரம்பித்ததும் அடி விழுந்தது. லினக்ஸ் கணினிகளில் வழக்கமாக உள்ள ஈஎக்ஸ்டி4 முறையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும், தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று வேண்டும். புள்ளியும் தனிக் குறி, துணைக்காலும் தனிக் குறி. ‘வாய்ப்பாட்டுக் கச்சேரி’ என்பதை எண்ணிப் பாருங்கள். நம் கண்ணுக்கு 11 எழுத்து. கணினிக்கு 21 குறிகள், நடுவில் ஒரு இடைவெளி, மொத்தம் 64 பைட். இந்தக் கணக்கில் சுமார் 44 தமிழ் எழுத்திலேயே பெயர் முடிந்துவிடும். பாடகர், ஊர், தேதி எழுதியதும் ராகத்துக்கு இடமில்லை. இதில் மோசமானது என்னவென்றால், விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறிகளை எண்ணுவதால் அங்கே பெயர் சரியாகவே இருக்கும். லினக்ஸில் ஓடும் பேக்கப் பெட்டிக்கு நகல் எடுக்கும்போதுதான் சில கோப்புகள் மட்டும் போகாமல் நிற்கும். எங்களுக்கு அப்படி நின்றவை 6. எண்ணிப் பார்த்திராவிட்டால் தெரிந்தே இருக்காது.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத எழுத்துச் சிக்கல். ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இம்மி வித்தியாசம் இருக்காது. பழைய மேக் கணினிகளில் கோப்பின் பெயரைப் பிரித்து எழுதும் வழக்கமே இருந்தது. ‘ஸ்ரீ’ இன்னும் மோசம். 2005இல் யூனிகோடில் ‘ஶ’ சேர்ந்த பிறகு ஸ்ரீயை இரண்டு விதமாகத் தட்டலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஸ்ரீனிவாச என்று தேடினால் பாதிதான் வரும், மீதிப் பாதி இல்லை என்று நினைத்துக்கொள்வோம். ராகத்தின் பெயரே ஸ்ரீ என்று இருக்கும் சங்கீதத்தில் இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

வரிசையும் உதைக்கும். யூனிகோடு குறி எண்ணைப் பார்த்தே அடுக்கும் மென்பொருளில் ‘ன’ என்பது ‘ந’வுக்கு அடுத்து உட்காரும், ‘வ’ என்பது ‘ழ’வுக்கும் பின்னால் போய்விடும். வராளி ராகத்தை யகர, லகர வரிசைக்குப் பக்கத்தில் தேடுகிற கண் ஏமாந்துபோகும்.

இந்த வழியில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுவது. 1978-01-04. ஐஎஸ்ஓ 8601 சொல்லும் முறை. பெயர் வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும். நாள் தெரியாவிட்டால் 1978-01 என்று நிறுத்திக்கொள்ளலாம். தெரியாததற்கு 00 என்று போடாதீர்கள். பின்னால் யாராவது அதை உண்மையான தேதி என்று நினைத்துத் திருத்தப் பார்ப்பார்கள்.

கோப்புக்குள்ளேயே டேக்

மூன்றாவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்பி3, ஃப்ளாக் போன்ற கோப்புகளுக்குள் தலைப்பு, பாடகர், தொகுப்பு, ஆண்டு என்று எழுதி வைக்க இடம் உண்டு. செல்போனில் கேட்பவர்களுக்கு இதுதான் கண்ணில் படும். வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பினால் கோப்பின் பெயர் போய், தேதியும் எண்ணுமாக வேறு பெயர் வந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால்தான் பெயர் நிற்கும். பெயர் போனாலும் உள்ளே எழுதிய டேக் கூடவே போகும். அந்த வகையில் மிக உபயோகமானது.

ஆனால் டேக் முறைகள் மேற்கத்திய ஆல்பத்தை மனதில் வைத்துச் செய்தவை. எம்பி3 டேக் முறையான ஐடி3இன் 1996இல் வந்த முதல் வடிவில் தலைப்புக்கு 30 பைட். யுடிஎஃப்-8இல் 10 தமிழ்க் குறிகள், ‘காம்போதி’, ‘தோடி’ போன்ற ராகப் பெயருக்குப் போதும், அதற்கு மேல் கிடையாது. பிறகு வந்த ஐடி3யின் இரண்டாம் தலைமுறையில் இந்த இடப் பஞ்சம் இல்லை. ஃப்ளாக்கில் நம் இஷ்டத்துக்கு ராகம், தாளம், மிருதங்கம் என்று புலங்களையே உண்டாக்கிக்கொள்ளலாம். உண்டாக்கலாம்தான், ஆனால் எல்லாப் பிளேயரும் அவற்றைக் காட்டாது. இன்னொரு பெரிய தடை: மூலக் கோப்பில் டேகைத் திருத்தினால் கோப்பே மாறிவிடும். கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்து வைத்த செக்சம் அதோடு பொருந்தாமல் போகும். ஒரு ராகத்தின் எழுத்துப் பிழையைத் திருத்துவதற்காக 800 எம்பி மூலக் கோப்பைத் தொடுவது எனக்குச் சம்மதமில்லை.

வெறும் எண்ணும் ஒரு பட்டியலும்

நான்காவது வழியை அண்ணாவின் பெண் சொன்னாள். கோப்புக்குப் பெயரே வேண்டாம், ஒரு எண் போதும். அந்த எண் என்ன என்பதை ஒரு எக்செல் பட்டியல் சொல்லட்டும். ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ‘நூலக எண்’ என்று ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தலைப்பில் பிழை இருந்தால் தலைப்பைத் திருத்தலாம், எண் நகராது.

கேட்டவுடன் எனக்குப் பிடிக்கவில்லை. பெரியப்பா உருகி உருகிப் பதிவு செய்ததை 0147-05 என்று அழைப்பதா? இரண்டு நாள் யோசித்தேன். பிறகு நமது சங்கீதமே இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. மேளகர்த்தா எனப்படும் 72 தாய் ராகங்களில் ஒவ்வொன்றின் பெயரிலும் முதல் இரண்டு எழுத்து, எழுத்துக்கு எண் மதிப்புத் தரும் கடபயாதி முறைப்படி, அதன் எண்ணைச் சொல்லும். சங்கராபரணம் பழைய பெயர். அது 29ஆம் மேளம் என்று காட்டுவதற்காக முன்னால் ‘தீர’ சேர்ந்து தீரசங்கராபரணம் ஆனது. ‘தீ’ 9, ‘ர’ 2, திருப்பிப் போட்டால் 29. கல்யாணி 65 என்பதற்காக மேசகல்யாணி. பெயரே எண்ணாகவும் எண்ணே பெயராகவும் இருக்கும் அழகான ஏற்பாடு.

அதையே நாமும் செய்யலாமே, எண்ணில் ஊரையும் வருடத்தையும் ஒளித்து வைக்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது. கும்பகோணத்துக்கு 1, தஞ்சாவூருக்கு 2 என்று ஆரம்பித்தும் பார்த்தேன். சரிவரவில்லை, காரணமும் புரிந்தது. மேளம் 72க்கு மேல் போகாது, ஒவ்வொன்றின் சுவரமும் முடிந்த முடிவு. எங்கள் பெட்டி அப்படி இல்லை. கும்பகோணம் என்று நினைத்தது திருவிடைமருதூர் என்று பிறகு தெரியவரும். 1978 என்று நினைத்தது 1979 ஆகும். பொருளைச் சுமக்கும் எண் தவறாகிவிட்டால் எண்ணை மாற்ற வேண்டும், மாற்றினால் அதை எழுதி வைத்த இடமெல்லாம் பொய்யாகும். அதனால் எண் எதையும் சொல்லக்கூடாது. வந்த வரிசையில் 0001, 0002. முன்னால் பூஜ்யம் கட்டாயம், இல்லாவிட்டால் சில இடங்களில் 10 என்பது 2க்கு முன்னால் வந்து நிற்கும்.

எண்ணும் சிறுகோடும் மட்டுமே கொண்ட பெயருக்கு பைட் பஞ்சம் கிடையாது, ஸ்ரீ சண்டை கிடையாது, எந்தக் கணினியிலும் உடையாது. குறையும் சின்னதல்ல. பட்டியல் தொலைந்தால் எல்லாமே வெறும் எண். ஒரு கோப்பைத் தனியாக எடுத்துக்கொண்டு போனவருக்கு அது எதுவென்றே தெரியாது.

ஒரு மரமல்ல, இரண்டு

நான்கையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்களை உண்மையில் தெளிய வைத்தது 31ஆம் கேசட். முதல் பக்கத்தின் கடைசியில் கல்யாணி ஆலாபனை. பாடகர் மேல் சட்ஜமத்தைத் தொட்டு நிற்கிறார், டொக் என்று டேப் முடிந்துவிடுகிறது. கேசட்டைத் திருப்பிப் போட்டால் சில விநாடிகள் சர்ரென்ற இரைச்சல், பிறகு வயலின் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தக் கச்சேரி இரண்டாம் பக்கத்தோடு முடியவில்லை, 32ஆம் கேசட்டின் முதல் பக்கத்தில் துக்கடாவும் மங்களமும் இருக்கின்றன. 32இன் இரண்டாம் பக்கத்தில் வேறு ஏதோ கோயிலில் எடுத்த நாகஸ்வரம்.

இதை எந்த ஒரு மரத்திலும் உட்கார வைக்க முடியாது. கேசட், பக்கம் என்பது ஒரு மரம். கச்சேரி, உருப்படி என்பது இன்னொரு மரம். முதலாவது பெரியப்பாவின் பெட்டியில் கைக்குக் கிடைக்கும் பொருள். இரண்டாவது அன்று மேடையில் நடந்தது. நாங்கள் இத்தனை நாள் திணறியதற்குக் காரணம் இரண்டையும் ஒரே பெயருக்குள் திணித்ததுதான். இப்போது மூலக் கோப்பு ஒரு பக்கத்துக்கு ஒன்று, வெட்டாமல், மூன்று இலக்கக் கேசட் எண்ணோடு: 031-1, 031-2. கச்சேரிக்கு நான்கு இலக்கம், உருப்படிக்கு இரண்டு: 0147-05. அந்தக் கல்யாணிக்குப் பட்டியலில் ஒரு வரி. 031-1இல் 38ஆம் நிமிடம் 20ஆம் விநாடியில் ஆரம்பம், 031-2இல் தொடர்ச்சி. கேட்பதற்கான நகலில் இரண்டையும் ஒட்டிவிட்டோம், மூலத்தில் கை வைக்கவில்லை.

தலைப்பு எழுதும் விதி

எண் முடிவானதும் தலைப்பைப் பற்றி நிம்மதியாக யோசிக்க முடிந்தது. தலைப்பு இனிக் கணினிக்காக அல்ல, மனிதருக்காக. இதில் ஆவணக் காப்பகங்களின் சர்வதேசக் குழு 1994இல் முதலில் வெளியிட்ட விவரணை விதிகள் ரொம்ப உதவின. அவற்றின் சாரம் நாலு வரிதான். பொதுவிலிருந்து தனிக்கு வா. அந்தந்த நிலைக்கு வேண்டியதை மட்டும் அங்கே எழுது. ஒவ்வொன்றும் எதன் கீழ் வருகிறது என்று காட்டு. மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லாதே.

அந்தக் கடைசி விதி அண்ணாவின் நீளப் பெயர் முறைக்கு நேர் எதிர். ஊரும் தேதியும் கச்சேரித் தலைப்பில் ஒரு தடவை வந்தால் போதும். ‘பாடகர், வாய்ப்பாட்டுக் கச்சேரி, கும்பகோணம், 1978-01-04.’ உருப்படித் தலைப்பில் அதற்கு மட்டும் உரியது: ‘கிருதி, எந்தரோ மகானுபாவுலு, ஸ்ரீ, ஆதி.’ அல்லது ‘ராகம் தானம் பல்லவி, காம்போதி.’ யார், என்ன வகை, எங்கே, எப்போது என்ற வரிசை கச்சேரிக்கு மாறாது. வகை, தொடக்கச் சொல், ராகம், தாளம் என்ற வரிசை உருப்படிக்கு மாறாது. ஊரைத் திருத்த வேண்டி வந்தால் ஒரு கட்டத்தில் திருத்தினால் அதன் கீழுள்ள 14 உருப்படிக்கும் சரியாகிவிடும். முழுத் தலைப்பு வேண்டும் என்றால் எக்செல்லில் ஒரு ஃபார்முலா மேலையும் கீழையும் சேர்த்துக் காட்டும்.

எத்தனை நிலை வேண்டும்? ஆலாபனை, நிரவல், சுவரம் என்று உருப்படிக்குள்ளும் பிரித்துக்கொண்டே போகலாம். சேகரிப்பு, கச்சேரி, உருப்படி என்று மூன்றோடு நிறுத்தினோம். ஒரே விலக்கு தனி ஆவர்த்தனம், அதாவது பாட்டு நின்று மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதி. அதைப் பெரிய உருப்படியிலிருந்து பிரித்துத் தனி உருப்படியாகவே எழுதுகிறோம். வேறொருவர் சேகரிப்பாக இருந்தால் செய்திருக்க மாட்டேன். பெரியப்பா தனிக்காகவே டேப்பை மிச்சம் பிடித்து வைத்தவர்.

அவர் கைப்பட எழுதியதற்குத் தனிப் பத்தி வைத்திருக்கிறோம்: ‘அட்டையில் உள்ளபடி’. ‘காம்போதி, தனி, 4/1’ என்று எழுதியிருந்தால் அப்படியே, எழுத்துப் பிழையோடு. நாங்கள் ஊகித்துச் சேர்ப்பது தலைப்பில் சதுர அடைப்புக்குள் வரும்: [1978?]. நூலகங்களில் பழைய வழக்கம் இது. எது அவர் சொன்னது, எது நாங்கள் சொன்னது என்று பேரப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

பெயர்களை ஒருமைப்படுத்த இன்னொரு சின்னப் பட்டியல். காம்போதியும் காம்போஜியும் ஒன்று, நாங்கள் காம்போதி என்று எழுதுகிறோம், மற்றது ‘வேறு பெயர்’ பத்தியில். பந்துவராளியும் காமவர்த்தினியும் ஒன்று. ஆனால் சுபபந்துவராளி வேறு ராகம், தேவகாந்தாரி வேறு, தேவகாந்தாரம் வேறு. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று அவசரத்தில் சேர்த்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு. ஆட்கள் பெயரில் மென்பொருள் கேட்கும் ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டுவிட்டோம். எல்லோருக்கும் தெரிந்த பெயர்களையே பாருங்கள்: எம்.எஸ்.சுப்புலட்சுமியின் இனிஷியலில் எம் மதுரை, எஸ் தாயார் சண்முகவடிவு. செம்மங்குடி என்றால் ஊர், ஆள் ஸ்ரீனிவாச ஐயர், ஆனால் யாரும் அவரை ஸ்ரீனிவாசன் என்று தேட மாட்டார்கள். கடைசிப் பெயர்ப்படி அடுக்கினால் ஐயரும் பாகவதரும் பிள்ளையுமாக மூன்று குவியல்தான் மிஞ்சும். ரசிகர்கள் எந்தப் பெயரால் அழைக்கிறார்களோ அதுவே எங்கள் பட்டியலில் முதல் பெயர்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்களிடம் 30, 40 பதிவுகள், பார்த்துக்கொள்பவர் நீங்கள் ஒருவர்தான் என்றால் பட்டியல் எல்லாம் வேண்டாம். கோப்பின் பெயரில் தேதியை முன்னால் போட்டு, மேலே சொன்ன வரிசையில் சுருக்கமாக எழுதுங்கள், 40 தமிழ் எழுத்துக்குள் முடியுங்கள். செல்போனில் கேட்பது மட்டுமே நோக்கம் என்றால் டேக் போதும். ஃபோல்டர் மரம் ஒன்றை மட்டுமே நம்புவதை எந்த அளவுச் சேகரிப்புக்கும் நான் சொல்ல மாட்டேன்.

நூற்றைத் தாண்டினால், அல்லது இரண்டாவது ஆள் கை வைத்தால், எண்ணும் பட்டியலும்தான். அதன் குறைக்கு மருந்து மற்ற மூன்று வழிகளிலேயே இருக்கிறது என்பதைக் கடைசியில்தான் கண்டோம். தலைப்பை ஒரே இடத்தில், பட்டியலில் மட்டும் எழுதுகிறோம். உறவினர்களுக்குக் கொடுக்கும் எம்பி3 நகல்களுக்கு அந்தப் பட்டியலிலிருந்தே டேக் நிரம்புகிறது. எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருள் ஒரு உரைக் கோப்பிலிருந்து மொத்தமாக நிரப்பிவிடும். நகல்களின் நீளப் பெயரும் ஃபோல்டரும் அதே பட்டியலிலிருந்து வருகின்றன. மிருதங்கம் கேட்பவருக்கு மிருதங்கப்படி ஃபோல்டர், பெரியம்மாவுக்கு ராகப்படி. தேவையில்லை என்றால் அழித்துவிட்டு வேறு மாதிரி அடுக்கலாம், மூலத்துக்கு ஒன்றும் ஆகாது.

பட்டியல் தொலையாமல் இருக்க ஒவ்வொரு டிஸ்கிலும் அதன் நகல், கூடவே வெறும் உரையான சிஎஸ்வி வடிவிலும் ஒன்று. சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழெல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும், ஒரு முறை எனக்கு ஒரு மாலை வேலை அப்படிப் போனது. வருடத்துக்கு ஒரு தடவை காகிதத்திலும் அச்செடுத்துத் தகரப் பெட்டிக்குள் வைக்கிறோம்.

அட்டையே இல்லாத கேசட்டுகள் 9 இருந்தன. அதில் ஒன்றுக்கு 0163 என்று எண் கொடுத்து, ‘[அடையாளம் தெரியாத நாகஸ்வரக் கச்சேரி, 1980கள்?]’ என்று எழுதி வைத்திருந்தேன். போன மாதம் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அதை ஓட விட்டேன். மல்லாரி முடிந்து தவில் ஓய்ந்த இடத்தில், தூரத்தில் ஒரு பெண் குரல் யாரையோ பேர் சொல்லி அதட்டியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ‘இது எங்க மாமியார் குரல்டா’ என்றார். பெரியப்பாவின் தங்கை, என் அத்தையின் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு. அத்தையின் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்துத் தேதியைப் பார்த்தோம். அடைப்புக்குறிகளை எடுத்துவிட்டுத் தலைப்பைப் புதிதாக எழுதினேன், தலைப்புக்குப் பக்கத்தில் ‘பெரியம்மா சொன்னது’ என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். கோப்பு இன்னும் 0163தான்.